ஒரே பொட்டலம், இரண்டு ஆய்வகங்கள், இரண்டு விடைகள்: லேபிளில் எதை அச்சிடுவது?

சிறுதொழிலாளி

மூலிகைச் சாற்றுப்பொடியை வாங்கிக் காப்ஸ்யூலில் அடைத்து விற்கும் சிறு நிறுவனம் என்னுடையது. புதிதாக நீர்ப்பிரம்மிச் சாறு வந்திருக்கிறது. சப்ளையர் கொடுத்த பகுப்பாய்வுச் சான்றில், அந்தச் செடியில் அளக்கப்படும் சேர்மங்களான ‘பாகோசைடுகள் 50 சதவீதம்’ என்று இருக்கிறது. சரிபார்த்துவிடலாம் என்று ஒரே பொட்டலத்திலிருந்து மாதிரி எடுத்து இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். ஒன்று 50-க்குச் சற்று மேல் என்கிறது. மற்றொன்று அதில் பாதிகூட இல்லை என்கிறது. இரண்டுமே அங்கீகாரம் பெற்றவை. சப்ளையரைக் கேட்டால், ‘இரண்டாவது ஆய்வகத்துக்கு வேலை தெரியாது’ என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். யாரை நம்புவது?

சந்தேகப்பேர்வழி

இருவரையும் நம்பாதீர்கள். பணம் கட்டுபவர் விரும்பும் எண்ணை எழுதிக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. மாதிரிப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே சான்று தயாராகிவிடும். ஒருமுறை நான் பார்த்த சான்றில்...

[நெறியாளர்: இப்பதிவில் இருந்த நிறுவனப் பெயரும் அதைச் சார்ந்த வரிகளும் நீக்கப்பட்டன. முறையைப் பற்றிப் பேசுங்கள், பெயர்கள் வேண்டாம்.]

நிறமாலை

தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. இரண்டு அறிக்கைகளிலும் முடிவுக்குப் பக்கத்தில் ‘சோதனை முறை’ என்று ஒரு பத்தி இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது?

சிறுதொழிலாளி

முதலாவதில் ‘யூவி’. இரண்டாவதில் ‘எச்பிஎல்சி’. அது கருவியின் பெயர்தானே, எண் எப்படி மாறும்?

நிறமாலை

கருவி மட்டுமல்ல, கேட்கப்படும் கேள்வியே வேறு. பகுப்பாய்வு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இந்தச் சண்டை எங்கள் மேஜைக்கு அடிக்கடி வரும்.

நீர்ப்பிரம்மியை யூவி முறையில் சோதிக்கும்போது முதலில் சாற்றை அமிலத்தில் சூடாக்குகிறார்கள். பாகோசைடுகளில் ஒட்டியிருக்கும் சர்க்கரைகள் கழன்று, மிஞ்சும் பகுதி புற ஊதா ஒளியை உறிஞ்சக்கூடிய வேறொரு பொருளாக மாறுகிறது. 278 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, அதைப் பாகோசைடாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும் வேறு பொருள்களும் செடியில் ஏராளம். ஃபிளேவனாய்டுகள், பினாலிக் அமிலங்கள், அமிலச் சூட்டில் சர்க்கரை கருகி உண்டாகும் பொருள்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. கருவிக்கு ஆள் அடையாளம் தெரியாது. வந்த அத்தனையையும் பாகோசைடு என்றே கூட்டிவிடும்.

எச்பிஎல்சி அப்படி இல்லை. சாறு ஒரு நுண்துகள் நிரம்பிய குழாய்க்குள் அழுத்தத்தோடு செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளியே வந்து வரைபடத்தில் தனித்தனி முகடாக எழும். பாகோசைடு ஏ என்று ஒற்றைப் பெயரால் சொல்லப்படுவதே உண்மையில் நான்கு சப்போனின்களின் கலவை. பாகோசைடு ஏ3, பாகோபசைடு 2, பாகோபசப்போனின் சி, அதன் ஜுஜுபோஜெனின் மாற்றுரு ஆகியவை அவை. அந்த முகடுகளைத் தூய மாதிரிகளோடு ஒப்பிட்டு அளந்து கூட்டினால் வரும் எண் இயல்பாகவே சிறியதாக இருக்கும்.

ஆகவே இரண்டு ஆய்வகங்களும் சரியாகவே செய்திருக்கலாம். 50 என்பதும் பொய்யில்லை, அதில் பாதிகூட இல்லை என்பதும் பொய்யில்லை. முறையின் பெயரை மறைத்துவிட்டு ‘50 சதவீதம்’ என்று மட்டும் அச்சிடுவதுதான் பொய்.

பழைய சாறு

சாறு எடுக்கும் ஆலையில் தலை நரைத்தவன் நான். நிறமாலை அம்மா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் ஆலைக்காரனுக்கும் ஒரு நியாயம் உண்டு. உலர்த்தியில் போடலாமா, இன்னொரு முறை கரைப்பான் விடவேண்டுமா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். அப்போது யூவி கைகொடுக்கும். ஒரே செடி, ஒரே ஆலை, ஒரே முறை என்றால் நேற்றைய தொகுதிக்கும் இன்றைய தொகுதிக்கும் ஒப்பீடு கிடைத்துவிடும். அதை ஏமாற்று வேலை என்பது அநியாயம்.

வாங்குபவர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘எச்பிஎல்சியில் 20 சதவீதம்’ என்று நேர்மையாக எழுதி விலை சொன்னால், ‘பக்கத்து ஆள் பாதி விலைக்கு 50 சதவீதம் தருகிறானே’ என்று பேரம் பேசுகிறார்கள். பிறகு நாங்களும் யூவி எண்ணையே எழுதிக் கொடுக்கிறோம். பெரிய எண் கேட்டவருக்குப் பெரிய எண் கிடைக்கிறது.

சந்தேகப்பேர்வழி

நுகர்வோன் என்ற முறையில் கேட்கிறேன். லேபிளைப் படிக்கும் நான் இதை எப்படிக் கண்டுபிடிப்பேன்? ‘வாங்குபவர் கேட்டார்’ என்பதெல்லாம் சப்பைக்கட்டு, ஐயா.

பழைய சாறு

கோபம் நியாயம்தான். இன்னும் இரண்டு சொல்கிறேன், சேர்த்தே கோபித்துக்கொள்ளுங்கள். குங்கிலிய வகையைச் சேர்ந்த சல்லகிப் பிசின் சாற்றில் ‘போஸ்வெல்லிக் அமிலங்கள் 65 சதவீதம்’ என்று பார்த்திருப்பீர்கள். அந்த எண் பெரும்பாலும் டைட்ரேஷனில் வருவது, அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மொத்த அமிலத்தை அளப்பது. எந்தக் கரிம அமிலமும் அந்தக் கணக்கில் சேரும். மலிவான வேறு பிசினின் அமிலமும் சேரும். ‘அக்பா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தக் குறிப்பிட்ட போஸ்வெல்லிக் அமிலம் எவ்வளவு என்று எச்பிஎல்சியில் கேளுங்கள், நிலவரம் தெரிந்துவிடும்.

அமுக்கிராவில் வேறு கதை. வேர் விலை அதிகம், இலை மலிவு. அந்தச் செடியில் அளக்கப்படும் சேர்மங்களான விதனோலைடுகள் இலையிலும் இருக்கின்றன, குறிப்பாக விதஃபெரின் ஏ வேரைவிட இலையில் கூடுதல். ‘மொத்த விதனோலைடு இவ்வளவு வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் இலையைக் கலந்து எண்ணை எட்டிவிடலாம். எண் சரி, சரக்கு தப்பு.

நிறமாலை

ஐயா சொன்னதன் தொடர்ச்சி. விதஃபெரின் ஏ மற்ற விதனோலைடுகளோடு ஒப்பிடுகையில் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலையில் மிகுதியாக இருக்கும் ஃபிளேவனால் கிளைகோசைடுகளின் பட்டைகள் எச்பிடிஎல்சி தட்டில் (சேர்மங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் பூச்சுத் தட்டு) தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பொடித்த வேராக வந்தால் நுண்ணோக்கியிலேயே இலைத் திசு அகப்பட்டுவிடும். சாறாக வந்துவிட்டால் நுண்ணோக்கிக்கு வேலை இல்லை, திசு எல்லாம் வடிகட்டியிலேயே தங்கிவிட்டது.

யூவி எப்போதும் மோசம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். மஞ்சளில் குர்க்குமினாய்டுகள் 425 நானோமீட்டர் அருகில் ஒளியை உறிஞ்சுகின்றன. மஞ்சளில் அந்த இடத்தில் போட்டிக்கு வரும் பொருள்கள் குறைவு. கலப்படம் இல்லாத சாற்றில் யூவி எண்ணும் எச்பிஎல்சி எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும். மெட்டானில் யெல்லோ போன்ற சாயம் சேர்ந்துவிட்டால் அந்த நிம்மதியும் போயிற்று.

கல்லூரிப்பறவை

மருந்தியல் மாணவன். ஒரு சந்தேகம். இவ்வளவு சிரமம் எதற்கு? டிஎன்ஏ சோதித்தால் எந்தச் செடி என்று தெரிந்துவிடுமே?

நிறமாலை

தம்பி, 2015 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் இதைத்தான் செய்தது. கடைகளில் விற்ற மூலிகைத் துணை உணவுகளை டிஎன்ஏ பார்கோடிங் முறையில் சோதித்து, பலவற்றில் லேபிளில் உள்ள செடியே இல்லை என்று நான்கு பெரிய விற்பனை நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. பத்திரிகைகளில் பெரும் பரபரப்பு. பகுப்பாய்வு வேதியியலாளர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். துணை உணவுத் தொழில் அப்பழுக்கற்றது என்பதற்காக அல்ல, கேள்விக்கும் முறைக்கும் பொருத்தம் இல்லை என்பதற்காக. கரைப்பானில் ஊறி, சூடேறி, வடிகட்டப்பட்டு, உலர்ந்த சாற்றில் செடியின் டிஎன்ஏ சிதைந்திருக்கும், அல்லது அறவே இருக்காது. நிரப்பியாகச் சேர்த்த அரிசி மாவின் டிஎன்ஏ மட்டும் தெம்பாக நிற்கும். சோதனையோ ‘உள்ளே இருப்பது அரிசி’ என்று சொல்லும்.

காய்ந்த வேர், இலை, பொடி என்றால் டிஎன்ஏ நல்ல கருவி. அப்போதும் செடி இருக்கிறதா என்பதைத்தான் சொல்லும். எந்தப் பாகம், எவ்வளவு சேர்மம் என்று சொல்லாது. மேலே ஐயா சொன்ன அமுக்கிரா இலைக்கும் வேருக்கும் டிஎன்ஏ ஒன்றுதான்.

கல்லூரிப்பறவை

அப்படியானால் எச்பிஎல்சி செய்துவிட்டால் கவலை இல்லை, சரிதானே?

நிறமாலை

இல்லை. கலப்படம் செய்கிறவர்களும் அதே பாடப்புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள்.

கிங்கோ இலைச் சாற்றை எடுத்துக்கொள். வழக்கமான அளவுகோல் ஃபிளேவோன் கிளைகோசைடுகள் 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன்கள் 6 சதவீதம். இதில் முதல் எண்ணை அளக்க, சாற்றை அமிலத்தில் சூடாக்கிச் சர்க்கரைகளைக் கழற்றி, மிஞ்சும் குவெர்செடின், கெம்ஃபெரால், ஐசோராம்னெடின் மூன்றையும் எச்பிஎல்சியில் அளந்து, ஒரு காரணியால் பெருக்குவார்கள். முறையில் குறையில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் ரூட்டின் என்ற செடிச் சேர்மத்தைக் கொட்டினால் என்ன ஆகும்? ரூட்டின் அமிலத்தில் உடைந்து குவெர்செடினாகிவிடும். மொத்த எண் 24-ஐத் தொட்டுவிடும். பிடிப்பது எப்படி? குவெர்செடினுக்கும் கெம்ஃபெராலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். அமிலத்தில் உடைக்காமல் அதே சாற்றை மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ரூட்டின் முகடு மலைபோல் நிற்கும். கிங்கோவில் எதிர்பார்க்கப்படாத ஜெனிஸ்டீன் தென்பட்டால், சோஃபோரா மரத்தின் பொருள் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பில்பெர்ரி என்ற கருநீலப் பழத்தின் சாற்றில் இன்னும் துணிச்சல். கருநீல நிறமிகளை ஒளி உறிஞ்சலால் மட்டும் அளந்த காலத்தில் அமராந்த் என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்தைக் கலந்து எண்ணைக் கூட்டியிருந்தார்கள். 2006-இல் அது ஆய்விதழில் வெளியானது. நிறமிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

மஞ்சளுக்கும் உண்டு. ஆலையில் செயற்கையாகத் தயாரித்த குர்க்குமின் இயற்கையானதைவிட மலிவு. இயற்கைச் சாற்றில் குர்க்குமினோடு டெமெத்தாக்ஸி, பிஸ்டெமெத்தாக்ஸி என்று இரண்டு உடன்பிறப்புகள் இருக்கும். வெறும் குர்க்குமின் முகடு மட்டும் தனியாக நின்றால் சந்தேகம் வர வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்தே கலக்கும் கெட்டிக்காரர்களுக்குக் கார்பன்-14 சோதனை இருக்கிறது. அண்மையில் விளைந்த செடியில் கார்பன்-14 இருக்கும், பெட்ரோலிய மூலத்திலிருந்து வந்த மூலக்கூறில் இருக்காது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள், கச்சா எண்ணெய் அதைப்போல் பல மடங்கு பழையது.

சந்தேகப்பேர்வழி

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். பெயரோடு சொன்னதால் வெட்டிவிட்டார்கள்.

மருந்துக்கடை_மாமா

மருந்தாளுநர். இழை முழுவதையும் படித்தேன். எல்லோரும் ‘எவ்வளவு இருக்கிறது’ என்பதிலேயே நிற்கிறீர்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது ‘வேறு என்ன இருக்கிறது’ என்பது.

பிசி-ஸ்பெஸ் என்று ஒரு காப்ஸ்யூல் இருந்தது. எட்டு மூலிகைகள் என்று லேபிள் சொன்னது. புராஸ்டேட் புற்றுநோயாளிகள் வாங்கினார்கள், சிலருக்குப் பலனும் தெரிந்தது. சோதித்தபோது வார்ஃபரின், இண்டோமெத்தசின், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் ஆகிய மருந்துகள் அகப்பட்டன. 2002-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஒன்று இரத்த உறைவைத் தடுப்பது, ஒன்று வலி மருந்து, ஒன்று செயற்கை ஈஸ்ட்ரோஜன். அந்தக் காப்ஸ்யூலில் மூலிகைக்கு அளவுகோலாக வைத்த குறியீட்டுச் சேர்மத்தை மட்டும் அளந்திருந்தால் அறிக்கை சுத்தமாக வந்திருக்கும்.

பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததும் இதே வகை. எடை குறைக்கும் சிகிச்சையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி வந்துவிட்டது. சீன மொழியில் இரண்டின் பெயர்களும் நெருக்கமானவை. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாழாயிற்று, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். மூலப்பொருள் உள்ளே வந்த அன்றே எச்பிடிஎல்சியின் எளிய வடிவமான சாதாரண டிஎல்சி தட்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம்.

இன்னொன்று. ‘ஆக்டிவ்’ என்று நீங்கள் அளப்பது உண்மையிலேயே வேலை செய்யும் பொருளா? செயின்ட் ஜான்ஸ் வோர்ட் செடியின் சாற்றை நெடுங்காலமாக 0.3 சதவீத ஹைப்பெரிசின் என்று தரப்படுத்தி விற்றார்கள். ஆனால் கருத்தடை மாத்திரை, சைக்ளோஸ்போரின் போன்றவற்றின் அளவை உடலில் குறைத்துவிடும் வினைக்கு முக்கியக் காரணம் ஹைப்பெர்ஃபோரின். லேபிளில் ஒன்று, நோயாளியைப் பாதிப்பது மற்றொன்று. ஹைப்பெர்ஃபோரின் ஒளியிலும் காற்றிலும் சீக்கிரம் சிதையும் என்பதால், ஒரே ஹைப்பெரிசின் அளவுள்ள இரண்டு புட்டிகளில் அதன் அளவு மிகவும் வேறுபடலாம்.

பழைய சாறு

மாமா சொன்ன இந்தக் கடைசிப் பத்தியை எங்கள் ஆலை வாசலில் எழுதி ஒட்டலாம். குறியீட்டுச் சேர்மம் என்பது பல செடிகளில் அளப்பதற்கு வசதியானது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான்.

சிறுதொழிலாளி

தலை சுற்றுகிறது. சரி, இன்னொரு குழப்பம். எச்பிஎல்சி செய்யும் மூன்றாவது ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். அதே முறை, ஆனால் இரண்டாவதைவிடக் குறைவு. இதற்கு என்ன சொல்வீர்கள்?

நிறமாலை

கருவியை விடுங்கள், கருவிக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். தவறுகளில் பெரும்பாலானவை குடுவைக்குள்தான் நடக்கின்றன.

மாதிரிப் பொடியைத் துல்லியத் தராசில் நிறுத்து, அளவுக்குடுவையில் போட்டு, மெத்தனால் விட்டு, ஒலியலையால் அதிரவைக்கும் சோனிகேட்டர் தொட்டியில் வைக்கிறோம். தொட்டி நீர் மெல்லச் சூடேறும். குடுவையைக் கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டிலேயே கழுத்துக் கோடு வரை மெத்தனாலை நிரப்பிவிட்டால், ஆறியதும் கரைசல் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். கொள்ளளவு குறைந்தது, செறிவு கூடியது, விடை உள்ளதைவிட அதிகமாக வரும். ஆறும் வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

எதிர்த்திசையிலும் பிழை வரும். ஒரே முறை கரைப்பான் விட்டு நிறுத்திவிட்டால் சேர்மத்தில் ஒரு பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். மஞ்சளில் இது கண்ணுக்கே தெரியும், சக்கை இன்னும் மஞ்சளாக இருந்தால் வேலை முடியவில்லை. நீர்ப்பிரம்மியில் அப்படி நிறம் காட்டிக்கொடுக்காது. சக்கையை இரண்டாம் முறை கரைத்து, அந்தக் கரைசலையும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். வடிகட்டிச் சவ்வும் கொஞ்சம் சேர்மத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் முதலில் வரும் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுவோம்.

பிறகு ஒப்பீட்டுப் பொருள். ஸ்டாண்டர்டு புட்டியில் உள்ளது உண்மையில் 90 சதவீதத் தூய்மை, கணக்கில் 100 என்று போட்டார்கள் என்றால், உங்கள் சாறு 11 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஈரம் உறிஞ்சிய ஸ்டாண்டர்டும் இதையே செய்யும். நான்கு சப்போனின்களையும் கூட்டினார்களா, அல்லது மேலும் சிலவற்றைச் சேர்த்தார்களா என்பதும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும்.

உங்கள் மூன்றாவது அறிக்கையில் இவற்றில் எது நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வெறும் எண் மட்டும் உள்ள மூன்று காகிதங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. குரோமடோகிராம்களை, அதாவது முகடுகள் தெரியும் அந்த வரைபடங்களை, கேட்டு வாங்குங்கள்.

சந்தேகப்பேர்வழி

அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்றால் இதெல்லாம் சரியாக இருக்க வேண்டாமா? பின்னே அந்த முத்திரை எதற்கு?

நிறமாலை

ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, எந்தெந்தச் சோதனைகளுக்கு என்று ஓர் அட்டவணை உண்டு. தண்ணீரில் ஈயம் அளக்க அங்கீகாரம் பெற்ற இடம் மூலிகைச் சப்போனினையும் அளந்து தரலாம், அதற்கு அந்த முத்திரை பொருந்தாது. அட்டவணையைக் கேளுங்கள். மறைக்க வேண்டிய ஆவணமே அல்ல அது.

மருந்துக்கடை_மாமா

அமெரிக்க விதியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. 2007-இல் வந்த உற்பத்தி நெறிமுறைப்படி, துணை உணவில் சேரும் ஒவ்வொரு மூலிகை மூலப்பொருளுக்கும் அடையாளச் சோதனையை உற்பத்தியாளரே செய்ய வேண்டும். அடையாளத்துக்குச் சப்ளையரின் சான்று மட்டும் போதாது. ஆனால் அந்தப் பொருள் பலன் தருகிறதா என்று நிரூபிக்க அந்த நெறிமுறை கேட்பதில்லை. அதனால் ‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது’ என்ற வரியை ‘பலன் நிரூபிக்கப்பட்டது’ என்று யாரும் படித்துவிடக் கூடாது.

கல்லூரிப்பறவை

கன உலோகங்கள் பற்றி யாரும் பேசவில்லையே?

நிறமாலை

தனி இழைக்குரியது. சுருக்கமாக: ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும் கட்டாயம், ஐசிபி-எம்எஸ் கருவியில். மஞ்சளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்தே உயர்ந்திருந்தால், நிறத்துக்காக லெட் குரோமேட் பூசியிருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம்.

சிறுதொழிலாளி

இரண்டாவது ஆய்வகம் குரோமடோகிராம் அனுப்பிவிட்டது. முகடுகள் பிரிந்து தெளிவாக இருக்கின்றன. ஸ்டாண்டர்டின் தூய்மையையும் அதன் சான்றோடு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது ஆய்வகம் ‘வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை’ என்கிறது. இரண்டாவதன் எண்ணையே, நான்கு சப்போனின்களின் கூட்டுத்தொகை, எச்பிஎல்சி முறை என்று குறிப்பிட்டு அச்சிடப் போகிறேன். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. போட்டிப் புட்டியில் 50 என்று இருக்கும்போது நம் புட்டி ஏழையாகத் தெரியும் என்கிறார்.

பழைய சாறு

தெரியத்தான் செய்யும். அடுத்த கொள்முதல் ஆணையில் வெறும் ‘50 சதவீதம்’ என்று எழுதாமல், முறையையும் எந்தெந்தச் சேர்மங்கள் என்பதையும் எழுதுங்கள். விலை ஏறும். ஏறவில்லை என்றால் சரக்கைச் சந்தேகித்துத் திருப்பி அனுப்பத் தயாராக இருங்கள்.

சிறுதொழிலாளி

சரி. கடைசியாக ஒன்று. இதே சாற்றை மெல்லும் கம்மியாகவும் கொண்டுவரும் யோசனை இருக்கிறது. அதையும் இதே முறையில் சோதிக்கலாமா?

நிறமாலை

கூடாது. பெக்டின், சர்க்கரை, சிட்ரிக் அமிலம் எல்லாம் கலந்த பிசுபிசுப்புக்குள் மெத்தனால் நேரடியாக நுழையாது. முதலில் வெந்நீரில் கரைத்து, பிறகு கரைப்பானைச் சேர்க்கும் தனி முறை வேண்டும். சாறு சேர்க்காத வெற்றுக் கம்மியில் தெரிந்த அளவு சேர்மத்தைக் கலந்து, அது எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்த மீட்புச் சோதனையின் விவரத்தை ஆய்வகத்திடம் கேளுங்கள். அதைக் காட்டாத இடத்துக்கு மாதிரியை அனுப்பாதீர்கள். கம்மியில் அமிலமும் ஈரமும் இருப்பதால் தயாரித்த வாரத்தில் ஒருமுறை, காலாவதித் தேதி நெருங்கும்போது ஒருமுறை என்று அளக்க வேண்டியிருக்கும். வெற்றுக் கம்மியை நீங்கள்தான் தயாரித்துக் கொடுக்க வேண்டும், ஆய்வகத்தில் அது இருக்காது. ஒரு தட்டு அதிகமாகவே ஊற்றி வையுங்கள்.